ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி: கட்டணமில்லாப் பயணமே போதுமா, சுற்றுலாப் படகுக்கும் சீட்டு எடுக்க வேண்டுமா?

மயிலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் என் பெற்றோர் சென்னையிலிருந்து நியூயார்க் வருகிறார்கள். எட்டு நாள்கள் தங்குவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் வரிசையில் அரை மணி நேரத்திற்கு மேல் நிற்க இயலாது. அப்பா சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்பாக வார்ஃப் எங்கே இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அவருக்கு உண்டு.

மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் ஃபெர்ரியில் கட்டணமே கிடையாது என்றும், சுதந்திர தேவி சிலையை அதிலிருந்தே பார்த்துவிடலாம் என்றும் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயணம் மட்டும் போதுமா, அல்லது பணம் கட்டிச் செல்லும் படகிலும் ஏற வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செயின்ட்ஜார்ஜ்வாசி

பதினெட்டு ஆண்டுகளாக ஸ்டேட்டன் தீவில் குடியிருந்து, வாரத்தில் ஐந்து நாள்கள் இந்தப் படகில் வேலைக்குச் செல்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படகு மன்ஹாட்டனின் வைட்ஹால் நிலையத்திலிருந்து புறப்பட்டு, தீவின் செயின்ட் ஜார்ஜ் நிலையத்தை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களில் அடைகிறது. தூரம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரவும் பகலும், வாரத்தின் ஏழு நாள்களும் ஓடுகிறது. சாதாரண வேளைகளில் அரை மணிக்கு ஒன்று, அலுவலக வேளைகளில் கால் மணி அல்லது இருபது நிமிடத்திற்கு ஒன்று. சீட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது. கண்ணாடிக் கதவுகள் திறந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து ஏற வேண்டியதுதான். கூடத்திலும் படகிலும் இருக்கைகள் நிறைய உண்டு, படகிலேயே கழிப்பறையும் உண்டு. சுரங்க ரயிலில் வருவதாக இருந்தால் ஒன்றாம் எண் வண்டியில் சவுத் ஃபெர்ரி நிலையத்தில் இறங்குங்கள். அங்கே மின்தூக்கி இருப்பதால் அம்மா படியேற வேண்டியிருக்காது.

வெளியூர்க்காரர்கள் பலர் தவறவிடுவது நேரத்தைத்தான். காலையில் எங்கள் கூட்டம் தீவிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போகிறது, மாலையில் மன்ஹாட்டனிலிருந்து திரும்புகிறது. ஆகவே, காலை ஒன்பது மணி வாக்கில் வைட்ஹாலில் ஏறினால் நீங்கள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்கிறீர்கள். படகு பாதிகூட நிறையாது. சிலை தென்கிழக்கு நோக்கி நிற்பதால் காலை வெயில் அதன் முகத்திலேயே விழும் என்பது கூடுதல் ஆதாயம். மாலையில் சூரியன் சிலைக்குப் பின்னால் நியூஜெர்சிப் பக்கம் இறங்குவதால் கறுப்பு உருவம்தான் தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் முகம் தெரியாது.

போகும்போது சிலை வலப்பக்கம் வரும். படகில் ஏறும் சுற்றுலாப் பயணிகள் அனைவரும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்பார்கள், இடப்பக்கம் காலியாகக் கிடக்கும். உங்கள் அப்பாவை அந்த இடப்பக்கம் நிற்கச் சொல்வேன். கவர்னர்ஸ் தீவும், அதற்கப்பால் புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியும், படகு தெற்கே போகப் போக வெரசானோ பாலமும் அங்கிருந்துதான் தெரியும். பாலத்துக்கு இப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களையும் அவர் எண்ணிக்கொண்டு வரலாம்.

செயின்ட் ஜார்ஜில் அனைவரும் கட்டாயம் இறங்கியாக வேண்டும். அதே படகில் உட்கார்ந்தபடியே திரும்ப முடியாது. இறங்கி, கூடத்தைச் சுற்றிவந்து மறுபடி ஏற வேண்டும். அதற்காக ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அம்மாவை ஓடவிடாதீர்கள்; அடுத்த படகில் திரும்பலாம்.

குயின்ஸ்வாசி

மேலே உள்ள பதிவு பயனுள்ளதுதான் என்றாலும் நான் மாறுபடுகிறேன். சென்னையிலிருந்து இருபது மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து வரும் பெற்றோரை, இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று சிலையைப் பார்க்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபெர்ரி சிலையிருக்கும் தீவில் நிற்பதும் இல்லை, அதன் அருகே செல்வதும் இல்லை. ஒரு ஜனவரி மாதம் என் மாமனாரை அதில் அழைத்துச் சென்றேன். அவர் கையை நீட்டிக் கட்டைவிரலால் சிலையை மறைத்துக் காட்டி, “இவ்வளவுதானா?” என்று கேட்டார்.

பணம் கட்டிச் செல்லும் படகில் சிலையின் காலடியில் இறங்கி நடக்கலாம். அதே சீட்டில் எல்லிஸ் தீவுக்கும் போகலாம். 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் குடியேறிகளாக வந்திறங்கிய இடம் அது. அவர்கள் பெட்டி படுக்கைகளோடு காத்துக்கிடந்த பெரிய கூடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நாமும் பெட்டியோடு வந்தவர்கள்தான் என்பதால், சிலையைவிட அந்தக் கூடமே என்னை அதிகம் உலுக்கியது.

செயின்ட்ஜார்ஜ்வாசி

எல்லிஸ் தீவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தப் படகுக்கு விமான நிலையத்தைப் போன்ற பாதுகாப்புச் சோதனை உண்டு, அதற்கொரு வரிசை, படகேற ஒரு வரிசை, ஒவ்வொரு தீவிலிருந்தும் திரும்ப இன்னொரு வரிசை. கேட்டவர் தம் தாயார் அரை மணிக்கு மேல் நிற்க இயலாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். தவிரவும், இந்தப் படகைச் சிலை பார்ப்பதற்கான மலிவான வழி என்று நினைப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது. இது துறைமுகத்தின் நடுவே குறுக்காக ஓடும் ஒரு பேருந்து. பேருந்தின் ஜன்னலில் என்ன தெரியுமோ அதுதான் தெரியும். ஆனால் இந்த ஜன்னலில் தெரிவது நியூயார்க் துறைமுகம்.

ஜெர்சிக்கரை

சிலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும், படகும் வேண்டாம் என்றால் நியூஜெர்சியில் லிபர்டி ஸ்டேட் பூங்காவின் தென்கோடிக்கு வாருங்கள். மிக அருகில் தெரியும். ஆனால் முதுகுதான் தெரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறைஏமாந்தவன்

பயணத் திட்டத்தைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வைட்ஹால் நிலையத்துக்கு வெளியேயும், பக்கத்திலுள்ள பேட்டரி பூங்காவிலும் கழுத்தில் அட்டையும் மேலே சட்டைக்கு மேல் ஒரு சீருடைக் கோட்டும் அணிந்தவர்கள் நின்றுகொண்டு, “ஃபெர்ரிச் சீட்டு இங்கே” என்று கூவி அழைப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் நால்வருக்குச் சீட்டு வாங்கினேன். அதை நிலையக் கதவருகே நின்ற காவலரிடம் பணிவாக நீட்டியபோது, அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “உள்ளே போங்கள், யாருக்கும் சீட்டு தேவையில்லை” என்றார். அந்தத் தொனியிலிருந்து அன்றைக்கு எத்தனையாவது ஆளாக நான் அவரிடம் போயிருப்பேன் என்பது தெரிந்தது. தலைக்கு மேலே எழுதியிருக்கும் பெரிய எழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டு நேராக உள்ளே செல்லுங்கள்.

பழையகணக்கு

கட்டணம் ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு ஏறினால் பயணம் இன்னும் சுவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

1810-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நீர்வழியில் ஒரு சிறு பாய்மரப் படகை ஓட்டத் தொடங்கிய பதின்வயதுப் பையன்தான் பிற்காலத்தில் பெருஞ்செல்வராகிய கொர்னீலியஸ் வாண்டர்பில்ட். பிறகு நீராவிப் படகுகளும் ரயில் நிறுவனமும் வந்தன. 1901-இல் நார்த்ஃபீல்ட் என்ற படகு மோதி மூழ்கியபின், தனியார் கையில் இது இருக்கக் கூடாது என்ற குரல் வலுத்து, 1905-இல் மாநகராட்சியே சேவையை எடுத்துக்கொண்டது. 1926 முதல் படகுகளுக்குச் செம்மஞ்சள் நிறம் பூசப்படுகிறது. மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம்.

கட்டணம் 1972 வரை ஐந்து சென்ட். ஒரு முழுத் தலைமுறையே மாறாத அந்த ஐந்து சென்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வளர்ந்தது. பிறகு பத்து சென்ட், இருபத்தைந்து, 1990-இல் போய்வர ஐம்பது சென்ட். 1997 ஜூலை 4-ஆம் நாள் அது அடியோடு நீக்கப்பட்டது. இந்தத் தேதி தற்செயலானது அல்ல. பேருந்திலிருந்து சுரங்க ரயிலுக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் கேட்கக் கூடாது என்ற ஏற்பாடும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட்டன் தீவுக்குச் சுரங்க ரயில் கிடையாது. நகரின் மற்ற நான்கு பகுதிகளுக்கும் இல்லாத ஒரு கூடுதல் கட்டணத்தைத் தீவுக்காரர்கள் மட்டும் நீர்மேல் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதே வாதம்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1993-இல் நடந்த வாக்கெடுப்பில், நியூயார்க் நகரத்திலிருந்தே பிரிந்துவிட வேண்டும் என்று தீவு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்திருந்தார்கள். பிரிவினை மாநிலச் சட்டமன்றத்தைத் தாண்டவில்லை. அதே தேர்தலில் தீவின் வாக்குகளை அள்ளிக்கொண்டு மேயரானவர் ரூடி ஜூலியானி. கட்டணம் நீங்கியது அவர் காலத்தில்தான். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் சொந்த ஊகமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

குயின்ஸ்வாசி

அப்படியானால் இது தீவுக்காரர்களுக்காக நீக்கப்பட்ட கட்டணம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஏன் நீக்க வேண்டும்? நகர வரிப்பணத்தில் ஓடும் படகில் உலகமெல்லாம் ஏறிப் படம் பிடிக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் இரண்டு டாலர் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? உள்ளூர்க்காரர்தான் இதைப் பற்றி மனம்திறந்து பேச வேண்டும்.

செயின்ட்ஜார்ஜ்வாசி

மனம்திறந்தே சொல்கிறேன். என் மனைவி மன்ஹாட்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார். இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும்போது, படகு கரைசேரும் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வார். செயின்ட் ஜார்ஜில் காத்திருக்கும் பேருந்துகள் படகின் வருகையைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன, ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். அந்தக் கதவருகே பத்துப் பேர் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வரும்.

இருந்தாலும் கட்டணம் வேண்டாம் என்பேன். கோபம் கூட்டத்தின்மேல் அல்ல, இது இன்னொருவர் வீட்டுக்குப் போகும் வழி என்பதை அறியாமல் நடந்துகொள்வதன்மேல். படம் எடுக்கப் படகின் முனைத் தளம் இருக்கிறது, பக்கத் தளங்கள் இருக்கின்றன. கதவையும் நடைபாதையையும் விட்டுவிட்டால் போதும்.

பழையகணக்கு

வெளியூர்க்காரரிடம் மட்டும் வாங்குவது என்றால் யார் வெளியூர்க்காரர் என்று ஒவ்வொரு கதவிலும் பார்த்தாக வேண்டும். பெருந்தொற்றுக்கு முன்பு ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்த சேவை இது. வேலைக்கு ஓடும் கூட்டத்தை நிறுத்தி அட்டை பார்ப்பதற்குள் படகு போய்விடும். காலியாகத் திரும்ப வேண்டிய படகில் நாம் ஏறுவதால் நகரத்துக்குக் கூடுதல் செலவும் இல்லை. எதிர்த்திசைக் கூட்டம் பற்றி மேலே சொல்லப்பட்ட அறிவுரையைப் பின்பற்றுகிறவர்கள், உண்மையில் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை.

மயிலைக்காரன்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒரு சங்கடம். அம்மா இணையத்தில் தேடிப்பார்த்து, இந்தப் படகு விபத்தில் சிக்கியதாகப் படித்திருக்கிறார். “கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே” என்று தொலைபேசியில் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?

பழையகணக்கு

அவர் படித்தது உண்மை. 2003 அக்டோபர் 15 அன்று ஆண்ட்ரூ ஜே. பார்பெரி என்ற படகு, செயின்ட் ஜார்ஜில் தனக்குரிய துறைக்குள் நுழையாமல் அருகிலிருந்த கான்கிரீட் மேடையில் முழு வேகத்தில் மோதியது. பதினொரு பேர் உயிரிழந்தார்கள். படகைச் செலுத்திக்கொண்டிருந்தவர் நினைவிழந்ததும், விதிப்படி உடன் இருந்திருக்க வேண்டிய கேப்டன் அங்கே இல்லாததும் காரணங்களாக நிறுவப்பட்டன. கட்டுப்பாட்டு அறையில் இருவர் இருக்க வேண்டும் என்ற விதி அதன்பிறகு கண்டிப்பாக்கப்பட்டது. மறைக்காமல் சொல்லிவிடுங்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மனைவிக்கு இது புரியாத செய்தியாக இருக்காது.

செயின்ட்ஜார்ஜ்வாசி

அப்பாவுக்காக இன்னும் சில குறிப்புகள். செயின்ட் ஜார்ஜை நெருங்கும்போது வலப்பக்கம் நீரின் நடுவே, கீழே பழுப்பும் மேலே வெள்ளையுமாகக் குட்டையான இரும்புக் கோபுரம் ஒன்று தெரியும். ராபின்ஸ் ரீஃப் கலங்கரை விளக்கம் என்று பெயர். அதன் காவலர் இறந்தபோது, அவருடைய மனைவி கேட் வாக்கர் விளக்கைத் தாமே ஏற்றத் தொடங்கி 1919 வரை பார்த்துக்கொண்டார். ஐந்தடிகூட உயரமில்லாத அந்தப் பெண்மணி ஏறத்தாழ ஐம்பது பேரை நீரிலிருந்து மீட்டார் என்பது இங்கே வழங்கும் கணக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்குத் துடுப்புப் போட்டு அழைத்துச் சென்றதும் அவர்தான். படகில் இருக்கும் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அந்தக் கோபுரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கோபுரத்துக்கு அருகில்தான் கில் வான் கல் என்ற குறுகிய நீர்ப்பாதை தொடங்குகிறது. நியூவார்க், எலிசபெத் துறைகளுக்குப் போகும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வெரசானோ பாலத்தின் கீழே நுழைந்து, இழுவைப்படகுகள் இருபுறமும் அணைத்துக்கொள்ள, எங்கள் படகின் பாதையைக் குறுக்கே கடந்து அதற்குள் திரும்பும். மேற்கே அந்தப் பாதைக்கு மேலிருக்கும் பேயோன் பாலத்தின் சாலைத்தளம் இப்பெருங்கப்பல்களுக்கு இடங்கொடுப்பதற்காகவே உயர்த்தப்பட்டது. 2017 முதல் அவை தடையின்றிப் போகின்றன. கறுப்புப் புகைபோக்கியில் வெள்ளை எழுத்து போட்ட டக் (இழுவைப்படகு) ஒன்று கப்பலின் விலாவில் ஒட்டிக்கொண்டு தள்ளுவதைப் பார்த்தால் அவர் சிலையை மறந்துவிடுவார்.

தீவில் இறங்கியதும் உடனே திரும்பிவிடாதீர்கள். நிலையத்திலிருந்து விக்டரி பூலவார்ட் வரை சென்றால் டாம்கின்ஸ்வில் பகுதியில் இலங்கைக்காரர்களின் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் இலங்கையர் திரளாகக் குடியேறிய இடங்களில் இது முக்கியமானது, பெரும்பாலோர் சிங்களவர். கொத்து ரொட்டி தட்டும் சத்தம் தெருவிலேயே கேட்கும், ஆப்பமும் கிடைக்கும். ஏற்றமான சாலை என்பதால் அம்மாவுக்குப் பேருந்துதான் நல்லது.

மயிலைக்காரன்

போய் வந்துவிட்டோம், கேட்டவன் திரும்பி வந்து நடந்ததைச் சொல்வதுதான் முறை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏறினோம். வெளியே கோட்டு அணிந்த இருவர் வழிமறித்தார்கள். அம்மா தமிழிலேயே “வேண்டாம்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார், அவர்களும் விட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது டோரதி டே என்ற புதிய படகு. 4,500 பேர் ஏறக்கூடியது. எங்கள் தளத்தில் நாற்பது பேர்கூட இல்லை. அம்மா வலப்பக்கத்து இருக்கையில் அமர்ந்து, எழுந்திருக்காமலே சிலையைப் பார்த்தார். சிறியதாகத்தான் தெரிந்தது. “பெரிய உருவத்தைத் தள்ளி நின்றுதானே சேவிக்க வேண்டும்” என்றார். குயின்ஸ்வாசி நண்பர் மன்னிக்க வேண்டும்.

அப்பா இடப்பக்கத் தளத்திலிருந்து உள்ளே வரவே இல்லை. படகின் இரு முனைகளும் ஒன்றுபோல இருப்பதால் அது திரும்பாமலே திரும்பிச் செல்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, இதனால் ஒவ்வொரு நடையிலும் எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார். துறைக்குள் நுழையும்போது படகு ஓரத்து மரத்தூண்களில் உரசி, அவை முனகிக்கொண்டே வளைந்து கொடுத்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் பயந்து கம்பியைப் பிடித்தார். “அதற்காகத்தானே அதை நட்டு வைத்திருக்கிறான்” என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

பெரிய கப்பல் எதுவும் குறுக்கே வரவில்லை. அந்த ஒரு குறைக்காக வெள்ளிக்கிழமை மறுபடியும் போனார், தனியாக. அன்றைக்கு வந்ததாம், எத்தனை அடுக்குக் கன்டெய்னர் என்பதிலிருந்து டக்கின் கயிறு எங்கே கட்டப்பட்டிருந்தது என்பது வரை இரவு உணவின்போது விவரித்தார். எல்லிஸ் தீவுக்கு இந்த முறை போகவில்லை. சுடச்சுடக் கொத்து ரொட்டி மட்டும் சாப்பிட்டோம். அம்மாவுக்குக் காரம் போதவில்லை.

இப்போது, ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒருநாள் சூரியோதயத்தைப் படகிலிருந்து பார்க்க வேண்டும் என்கிறார். திங்கள்கிழமை ஏழு மணி வாக்கில் வைட்ஹாலில் ஏறினால் சரியாக இருக்குமா?

செயின்ட்ஜார்ஜ்வாசி

சரியாக இருக்கும். போகும்போது இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள், புரூக்ளின் கட்டடங்களுக்கு மேலே சூரியன் எழும். ஆனால் திரும்பும் படகு எங்கள் படகு. நிற்க மட்டுமே இடம் இருக்கும். செயின்ட் ஜார்ஜ் கூடத்தில் மன்ஹாட்டன் படகுக்கான கதவருகே நீலத் தொப்பியோடு நான் நின்றுகொண்டிருப்பேன். வந்து பேசச் சொல்லுங்கள். கதவிலிருந்து மூன்றாவது தூண் ஓரம் எனக்கு எப்போதும் ஓர் இருக்கை கிடைக்கும், அதை அவருக்குத் தருகிறேன்.